வீதியிலிருந்து மூன்று மாடி, பள்ளத்திலிருந்து ஏழு: மலைநாட்டுக் கண்ணாடிச் சுவர்களைக் கயிற்றில் இறங்கிப் பரிசோதித்தல்

மலைநாட்டில் ஒரு கட்டடத்தின் உயரத்தை வீதியில் நின்று அளந்துவிட முடியாது. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, எல்ல என்று எந்தப் பக்கம் போனாலும், வீதியோரத்தில் மூன்று மாடியாகத் தெரியும் ஹோட்டல் பின்பக்கத்தில் சரிவோடு சேர்ந்து இறங்கி, கீழேயுள்ள தேயிலைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஏழு மாடியாக நிற்கும். கண்ணாடி வைப்பதும் அந்தப் பின்பக்கத்தில்தான். மலையையும் நீர்வீழ்ச்சியையும் மூடுபனியையும் காட்டியே அறைக்கு விலை பேச வேண்டியிருப்பதால், வீதிப்பக்கம் சிறிய ஜன்னல்களோடு அடக்கமாகவும், பள்ளப்பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியாகவும் கட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

கொழும்பில் இத்தகைய கண்ணாடிச் சுவரைப் பார்வையிட வேண்டுமானால், நீளும் கையால் ஆளை உயர்த்தும் பூம் லிஃப்ட் வண்டியை நடைபாதையில் நிறுத்தலாம். மொட்டைமாடியிலிருந்து ஆள் நிற்கும் தொட்டிலை இறக்கலாம். இங்கே பள்ளப்பக்கத்தில் அந்த வண்டி நிற்பதற்குச் சமதரை இல்லை. சாரம் கட்டலாம் என்றால், மழையில் இளகிய சரிவில் அதன் கால்களை ஊன்றுவதே தனி வேலையாகிவிடும். ஆகவே ஏழு மாடியே உள்ள கட்டடத்துக்கும், கொழும்பில் நாற்பது மாடிக்குப் பயன்படுத்தும் முறையே இங்கே பொருத்தமாக அமைகிறது. ஆள் கயிற்றில் இறங்கி, ஒவ்வொரு கண்ணாடியையும் கையெட்டும் தூரத்தில் பார்த்து, தொட்டு, அழுத்தி, எழுதிக்கொண்டு வர வேண்டும்.

ரோப் அக்சஸ் என்று தொழிலில் வழங்கும் இம்முறை, குகைகளுக்குள் இறங்குவோரும் மலையேறுவோரும் வளர்த்த நுட்பத்திலிருந்து பிறந்தது. வட கடலின் எண்ணெய்த் தளங்களில் சாரம் கட்ட முடியாத இடங்களுக்கு 1980களில் அது கொண்டுபோகப்பட்டது. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் உருவான ஐராட்டா என்ற தொழில் நிறுவனங்களின் சங்கமே இன்று உலகின் பல நாடுகளில் இதற்கான பயிற்சித் தரத்தை நிர்ணயிக்கிறது. அதன் அடிப்படை ஒருவருக்கு இரண்டு கயிறு என்பதாகும். ஒன்று உடற்பாரத்தைத் தாங்கும் வேலைக்கயிறு, மற்றது பாரமின்றிக் கூடவே தொங்கும் காப்புக்கயிறு. இரண்டும் தனித்தனிப் பிடிமானங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். காப்புக்கயிற்றில் ஓடும் கருவி, ஆள் மெதுவாக இறங்கும்போது கூடவே இறங்கி, திடீரென்று விழுந்தால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். கயிறு பெரும்பாலும் 10.5 அல்லது 11 மில்லிமீற்றர் தடிப்புள்ள நைலோன் கயிறு. அதிகம் நீளாதது, ஐரோப்பியத் தரப்படி குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2.2 தொன் பாரத்தைத் தாங்க வேண்டியது.

ஐராட்டாவில் மூன்று நிலைகள் உண்டு. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக, குறைந்தது 12 மாதமும், கயிற்றில் 1,000 மணித்தியால வேலையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். வேலைத்தளத்தில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்பதும், மேற்பார்வைக்கு மூன்றாம் நிலையைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. காரணம் எளியது. மயங்கி, அசைவற்று, உடலைப் பிணைக்கும் வாரில் தொங்கும் ஒருவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிராபத்து நேரலாம். ஆகவே அவரை இறக்குவதற்கான ஆளும் கயிறும் முன்கூட்டியே மேலே தயாராக இருக்க வேண்டும். 1990 என்ற அவசர எண்ணுக்கு அழைத்துவிட்டு அம்புலன்ஸ் வளைவு வளைவாக ஏறி வரும்வரை காத்திருப்பது மீட்புத் திட்டம் ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் நிழல்மரக் கிளை வெட்டிப் பழகிய பொடியன்களை, “மரமேறுறவனுக்கு இது என்ன பெரிய வேலை” என்று சொல்லி ஒற்றைக் கயிற்றில் கண்ணாடிப் பக்கம் இறக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. உயரத்துக்கு அஞ்சாத மனம் ஒரு தகுதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிளையைக் கட்டிப்பிடித்து நிற்பவனுக்கும், பிடிக்க ஒன்றுமே இல்லாத வழுவழுப்பான கண்ணாடிக்கு முன்னால் தொங்குபவனுக்கும் இடையே பொதுவானது அந்த மனம் ஒன்றுதான்.

மலைநாட்டில் இந்த வேலையின் முதற்சிக்கல் கண்ணாடியில் தொடங்குவதில்லை, கூரையில் தொடங்குகிறது. மழைக்காக நாம் சாய்வுக் கூரை போடுகிறோம்; அதன்மேல் தகரமோ ஓடோ இருக்கிறது. நகரத்து மொட்டைமாடியில் கிடைக்கும் கொங்கிரீட் கைப்பிடிச் சுவரோ, எதிர்ப்பாரம் வைக்கும் இடமோ இங்கே கிடைப்பதில்லை. கயிறு கட்டும் பிடிமானம் ஒவ்வொன்றும் 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐராட்டாவின் வழிகாட்டல். தகரத்தைத் தாங்கும் மரச்சட்டம் அதற்குப் பக்கத்திலும் வராது. தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் கால், சோலார் வெந்நீர்ப் பெட்டியின் சட்டம், பழைய பங்களாக்களின் புகைபோக்கி ஆகியவற்றில் கயிற்றைச் சுற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவை பலமாகத் தெரிவது, இதுவரை யாரும் அவற்றைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்காததால்தான்.

சரியான வழி இரண்டு. கட்டும்போதே, கூரைக்குக் கீழே சுவர்களைச் சுற்றி ஓடும் கொங்கிரீட் உத்தரத்தில் துருப்பிடிக்காத உருக்கு வளையங்களைப் பதித்து, இழுவைச் சோதனை செய்து, வரைபடத்தில் குறித்துவைப்பது ஒன்று. ஒரு ஹோட்டலின் ஒரேயொரு பெரிய கண்ணாடியை மாற்றும் செலவோடு ஒப்பிட்டாலும் இது பெரிய தொகை அல்ல என்பதால், வரைபடக்காரர்கள் இதை ஏன் மறக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத விடயம். பழைய கட்டடமானால், மேல்மாடியின் சீலிங்கைத் திறந்து அந்தக் கொங்கிரீட் உத்தரத்தைத் தேட வேண்டும். அல்லது உள்ளேயுள்ள கொங்கிரீட் தூணைச் சுற்றிப் பட்டி கட்டி, கயிற்றை பால்கனி வழியாக வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது கயிறு உரசும் ஒவ்வொரு விளிம்பிலும் தடித்த உறை வேண்டும். 2 தொன் தாங்கும் கயிறு, பாரத்தோடு இறுகி நிற்கும்போது, வெட்டிய தகரத்தின் ஓரத்தில் பக்கவாட்டாக உரசினால் கத்திபட்ட வாழைநார்போலப் போய்விடும்.

இனி கண்ணாடிக்கு வருவோம். பழைய தேயிலை இஸ்டோர்களிலும், அதாவது தொழிற்சாலைகளிலும், மாடி மாடியாகக் கண்ணாடிதான் இருந்தது. கொழுந்து வாட்டும் மேல்மாடிகளுக்குக் காற்றும் வெளிச்சமும் தேவைப்பட்டதால் வரிசை வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். கந்தப்பளையில் அப்படியான ஒரு தொழிற்சாலை ஹோட்டலாக மாறியபோதும் அந்த ஜன்னல் வரிசைதான் அதன் முகமாக நிலைத்தது. ஆனால் அவை சட்டத்தில் மக்கு வைத்துப் பதித்த சிறுசிறு துண்டுகள். ஒன்று உடைந்தால் தச்சர் உள்ளிருந்தே கை நீட்டி மாற்றிவிடுவார். இன்று வைக்கும் கண்ணாடியின் கணக்கு வேறு. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் 2.5 கிலோகிராம் எடை கொள்ளும். அதன்படி 2 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் 12 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒற்றைக் கண்ணாடியே 180 கிலோகிராம். அது சட்டத்தில் நிற்பது ரப்பர் பீடிங்கின் அல்லது சிலிக்கோனின் பிடியில்.

குளிருக்காக இப்போது பலர் இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஓர் இடைச்சட்டம். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறுமணிகள். சுற்றிலும் காற்றுப் புகாத அடைப்பு. இந்தப் பொருள் மலைக்கு ஏறும்போது நடப்பதை, கொழும்பிலிருந்து பஸ்ஸில் மரவள்ளிச் சிப்ஸ் பக்கற் கொண்டுவந்த எவரும் அறிவார்கள். இறம்பொடை தாண்டுவதற்குள் பக்கற் ஊதி இறுகிவிடும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறக்குறைய 81. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தாழ்நிலத்தில் அடைத்த காற்று இரட்டைக் கண்ணாடிக்குள் அப்படியே இருக்க, வெளியழுத்தம் குறைந்துவிடுவதால், இரு தகடுகளும் வெளிப்புறமாக வளைந்து அந்த வேறுபாட்டைத் தணிக்கப் பார்க்கும். பெரிய தகடு வளைந்து கொடுக்கும். சிறியது வளைய முடியாமல் இறுக்கத்தைத் தனக்குள் வாங்கும். எப்படியானாலும் ஓர அடைப்பு முதல்நாளிலிருந்தே இழுபட்டுக்கொண்டிருக்கும். இதைத் தவிர்ப்பதற்காகவே, மலைக்குப் போகும் கண்ணாடியின் இடைச்சட்டத்தில் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இடத்துக்கு வந்து அழுத்தம் சமமான பிறகு அடைக்கும் முறை இருக்கிறது. ஆர்டர் கொடுப்பவர் உயரத்தைச் சொன்னால்தான் தயாரிப்பவர் அதைச் செய்வார்.

கயிற்றில் இறங்குபவர் இதைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல, கண்ணாடியின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நடுவில் ஒட்டி ஓரங்களில் இடைவெளி தெரியும். நூல் இல்லாவிட்டாலும், எதிர்மலையின் பிம்பம் நடுவில் சுருங்கி வளைந்து காணப்படும்.

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காலை, நான் பராமரிப்பைக் கவனித்த கட்டடம் ஒன்றில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வயதில் மூத்தவர். மற்றவர் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்குப் போய்த் தொழில் பழகிய இளைஞர். நான்காம் மாடியில் ஒரு கண்ணாடி மங்கலாக இருந்தது. இளைஞர் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அறைக்குள் நின்ற என்னை உள்ளே துடைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். துடைத்தேன். மங்கல் போகவில்லை.

“அண்ணே, வெளியில துடைச்சும் போகல, உள்ளுக்குத் துடைச்சும் போகல.”

“அப்ப நடுவுலதான் தம்பி. நம்பரைச் சொல்லு.”

“நாலாவது மாடி, இடப்பக்கமிருந்து ஆறு.”

ஓர அடைப்பு விட்டுப்போய், ஈரக்காற்று உள்ளே புகுந்து, சிறுமணிகளின் உறிஞ்சும் திறன் தீர்ந்துவிட்டது என்பதே அந்த மங்கலின் பொருள். இரவுக் குளிரில் ஈரம் உட்பக்கத்தில் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். பகல் பதினொரு மணிக்குப் பார்த்திருந்தால் அந்தக் கண்ணாடி நல்லதென்றே எழுதப்பட்டிருக்கும்.

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். அதே நாளின் காலை ஒன்பது மணி வெயில் தோலைச் சுடும். இந்த ஏற்ற இறக்கமும் கண்ணாடிக்கு ஒரு சோதனை. நடுப்பகுதி சூடாகி விரிய, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிராகவே இருக்கும். பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடியில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 30 முதல் 40 பாகை செல்சியஸ் வரை போனால் விரிசல் விழலாம். அத்தகைய விரிசல் ஓரத்தில், ஓரத்துக்குச் செங்குத்தாகத் தொடங்கி, பிறகுதான் வளைந்து அலையும். கல்லோ பறவையோ பட்டதானால் பட்ட புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் கதிராக ஓடும். விரிசலின் தொடக்கத்தைக் கண்டவருக்குக் காரணமும் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மூக்கு கண்ணாடியில் முட்டும் தூரம் வேண்டும்.

டெம்பர்ட், அதாவது பதப்படுத்திய, கண்ணாடி இந்த வெப்ப வேறுபாட்டை எளிதாகத் தாங்கும். அதை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, காற்றால் விரைந்து குளிர்விப்பதால், மேற்பரப்பு அமுங்கியும் உட்பகுதி இழுபட்டும் நிற்கின்றன. அதன் வலு அந்தச் சமநிலையிலிருந்து வருகிறது. ஆனால் அதற்கு ஒரு மறைவான நோய் உண்டு. உருக்கும்போது கலந்துவிடும் நிக்கல் சல்பைட்டின் கண்ணுக்குத் தெரியாத துகள், 379 பாகைக்கு மேல் ஒரு வடிவத்திலும் கீழே வேறொரு வடிவத்திலும் இருக்கும் இயல்புடையது. விரைந்து குளிரும்போது மாற நேரம் கிடைக்காமல் பழைய வடிவிலேயே சிக்கிக்கொண்டு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெதுவாக மாறுகிறது. மாறும்போது 2 முதல் 4 சதவீதம் பருக்கிறது. யாரும் தொடாத கண்ணாடி ஒரு மத்தியானத்தில் வெடித்துச் சிதறுவதற்கு இது ஒரு காரணம். பேய், கண்ணூறு என்று பேசப்படுவதையும் கேட்டிருக்கிறேன். உடைந்த கண்ணாடி சட்டத்திலேயே தங்கியிருந்தால், நடுவில் வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகள்போல அருகருகே இரண்டு பெரிய துண்டுகள் தெரியும். அதைத் தொடுவதற்கு முன் படமெடுக்க வேண்டும். கொட்டிவிட்டால் சாட்சி போய்விடும்.

கண்ணாடி விழுந்தால் காற்றைக் குற்றஞ்சாட்டுவது எங்கும் உள்ள பழக்கம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் ஹான்கொக் கோபுரத்தின் கண்ணாடிகள் 1973 ஜனவரியில் விழத் தொடங்கியபோதும் முதலில் காற்றைத்தான் சந்தேகித்தார்கள். ஆராய்ந்தபோது, இரட்டைக் கண்ணாடியின் இடைச்சட்டத்தை ஒட்டியிருந்த ஈயப் பற்றாசு சிறிதும் நெகிழாமல் கண்ணாடியின் பரப்பையே பெயர்த்தது தெரிந்தது. 60 மாடிக் கட்டடத்தின் 10,344 கண்ணாடிகளும் மாற்றப்பட்டன. குறை இருந்தது, எந்தத் தூரநோக்கியாலும் காண முடியாத, சட்டத்துக்குள் மறைந்த ஓரத்தில்.

ஓரத்தை விரலால்தான் பார்க்க வேண்டும். சிலிக்கோன் நல்லதாக இருந்தால் ரப்பர்போல அமுங்கி மீளும். கெட்டிருந்தால் கண்ணாடியை விட்டுப் பிரிந்து ஓர் இழையாகக் கையோடு வரும். சந்தேகமான இடத்தில் சிறு பட்டியாக வெட்டி இழுத்து, அது நடுவில் அறுகிறதா, ஒட்டிய இடத்திலிருந்து உரிகிறதா என்று பார்ப்பார்கள். உரிந்தால் ஒட்டுதல் போய்விட்டது என்று பொருள். சட்டத்தின் அடியில் மழைநீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளும் முக்கியமானவை. மலைநாட்டில் அவற்றைப் பாசியும் மண்குளவியின் கூடும் அடைத்துவிடும். நீர் வடியாமல் தேங்கி, இரட்டைக் கண்ணாடியின் ஓர அடைப்பையும் இரு தகடுகளைப் படலத்தால் ஒட்டிய லெமினேட்டட் கண்ணாடியின் நடுப்படலத்தையும் ஊறவைக்கும். ஒரு ஈர்க்குச்சியால் தீரும் வேலை.

குளவி என்றதும் இன்னொன்று. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களைக் குளவி கொட்டிய செய்தி நமது பத்திரிகைகளில் வராத மாதம் குறைவு. பாறை முகட்டில் தொங்கும் பெருங்கூடுகள் கட்டடத்தின் கூரை நிழலிலும் தொங்கும். தேயிலைக்குள் நிற்பவர் ஓடவாவது முடியும். கயிற்றில் இருப்பவர் வேகமாக இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே முதல்நாளே தூரநோக்கியால் கூரையடி முழுவதையும் பார்ப்பது, கயிற்றைப் பார்ப்பதற்கு நிகரான கடமை.

கயிற்றுக்குப் பதிலாக டிரோன் போதாதா என்று கேட்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியோடு பறக்கவிட்டு, எந்தப் பகுதியில் முதலில் இறங்குவது என்று தீர்மானிக்க அது நல்ல துணை. அதனால் அழுத்திப் பார்க்க முடியாது. 2011 ஓகஸ்ட் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 169 மீற்றர் உயர வொஷிங்டன் நினைவுத்தூணின் கற்களைப் பார்க்கவும் ஆட்களே கயிற்றில் இறங்கினார்கள். நியூயோர்க் நகரில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிமுகத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்ற சட்டம், 1979இல் விழுந்த ஒரு துண்டு ஒரு மாணவியின் உயிரைப் பறித்ததற்கு அடுத்த ஆண்டு வந்தது. அங்கும் அருகிலிருந்து பார்ப்பது கட்டாயம்.

எப்போது இறங்குவது என்பதை நாட்காட்டியைவிட மலையின் பக்கம்தான் தீர்மானிக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கங்களில் வைகாசி முதல் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். தை முதல் பங்குனி வரையே நல்ல காலம். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, எல்லவில், அந்தத் தென்மேற்குக் காலம் மழை குறைந்திருந்தாலும் கச்சான் காற்று வீசும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். 30 மீற்றர் கயிற்றின் நுனியில் தொங்குபவர் சுவரை விட்டு விலகி, திரும்பிவந்து கண்ணாடியில் மோதுவார். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி. எந்த மாதமானாலும், வெயில் ஏறியதும் பள்ளத்திலிருந்து காற்று மேலேறி மூடுபனியைக் கொண்டுவரும் என்பதால், நல்ல வேலை நேரம் காலை ஏழு முதல் பதினொன்று வரைதான்.

பார்த்ததை எழுதுவது பற்றி எனக்கு ஒரு பழைய மனக்குறை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் இருநூறுக்கு மேற்பட்ட அழகான படங்களோடு அறிக்கை தந்தது. எந்தப் படம் எந்தக் கண்ணாடி என்று ஓரிடத்திலும் இல்லை. விரிசல் விழுந்த ஒன்றைத் தேடி, மாடி மாடியாக அறைகளைத் திறந்து இரண்டு நாள் அலைந்தோம். அதற்குப் பிறகு, இறங்குவதற்கு முன்பே சுவரின் வரைபடத்தில் மாடிக்கு ஓர் எண், நிரலுக்கு ஓர் எண் இட்டு, கையெட்டும் அகலத்துக்கு ஓர் இறக்கம் என்று கோடு பிரித்து, படமெடுக்கும்போது அந்த எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டே எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டேன்.

அன்று பத்தரை மணிக்கே பனி ஏறிவிட்டது. மூத்தவர் கயிறுகளை மேலே இழுத்து, நனைந்த பகுதியைக் கையால் உருவிப் பார்த்து, வெயில் படாத நடையில் காயப் போட்டார். நைலோன் ஈரத்தில் சிறிது வலுவிழக்கும், வெயிலில் நிரந்தரமாக இழக்கும் என்றார். நான்காம் மாடியின் ஆறாம் கண்ணாடிக்கு மாற்று ஆர்டர் எழுத உட்கார்ந்தோம். நீளம், அகலம், தடிப்பு எழுதி முடித்ததும், பழைய ஆர்டரின் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் கட்டடத்தின் பெயரும் விலாசமும் இருந்தன. பொருத்தப்படும் இடத்தின் உயரம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. புதிய தாளில் அதை முதலில் நிரப்பினோம்.